ஐந்தரை மணி நேர வித்தியாசம்

ஒரு லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அதிகம் நோண்ட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். காலை ஒன்பது மணிக்கு அது விடியற்காலை 3:30 என்று காட்டினாலோ, பிற்பகல் 2:30 என்று காட்டினாலோ, உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சர்வீஸ் கடையில் கொடுத்தால், "சிமாஸ் செல் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். மாற்றியும் தருவார்கள். வீட்டுக்கு வந்து ஒருமுறை லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மறுபடியும் அதே ஐந்தரை மணி நேரம். செல் உயிரை விட்டால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். இந்திய நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுச் சாகிற செல்லை இதுவரை யாரும் தயாரிக்கவில்லை.

நடப்பது இதுதான். கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இது கிடையாது. டாஸ் எழும்போதெல்லாம் இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்று கேட்கும், நாம் உட்கார்ந்து தட்ட வேண்டும். 1984இல் வந்த பிசி ஏடியில்தான் பேட்டரியோடு கடிகாரத்தைச் சேர்த்தார்கள். அந்தக் கடிகாரத்துக்கு மணி தெரியும், ஊர் தெரியாது. டாஸும் நேர மண்டலங்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. சுவர்க்கடிகாரம் என்ன காட்டுமோ அதையே உள்ளேயும் எழுதிவைத்தது. விண்டோஸ் அந்த வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. யூனிக்ஸ் வளர்ந்த விதம் வேறு. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஓடியது என்று கிரீன்விச் கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்கும். உள்ளூர் மணி என்பது திரையில் காட்டும்போது போடுகிற ஒரு கூட்டல், அவ்வளவுதான். லினக்ஸ் அந்த வம்சம்.

ஆக, காலை ஒன்பது மணிக்கு லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் கிரீன்விச் மணியாக 3:30 என்று எழுதிவைத்துவிட்டு அணைகிறது. அடுத்து எழும் விண்டோஸ் அதை உள்ளூர் மணி என்றே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 9:00 என்று எழுதிவிட்டுப் போனால், லினக்ஸ் அதன்மேல் இன்னொரு ஐந்தரையைக் கூட்டி 2:30 ஆக்கிவிடுகிறது. லண்டனில் குளிர்காலம் முழுக்க யாருக்கும் இது தெரியவே தெரியாது. நமக்குத்தான் தினமும் தெரியும். இணையம் கிடைத்ததும் இரண்டும் தங்கள் மணியைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், விண்டோஸ் அதற்கு அவசரம் காட்டுவதில்லை. அதற்குள் கணினியிலேயே ஆறு இலக்கக் குறியீடு உருவாக்கும் செயலி வைத்திருப்பவர்கள் வங்கிக் கணக்கிலோ அலுவலகக் கணக்கிலோ நுழைய முடியாமல் விழிப்பார்கள். அந்தக் குறியீடு நேரத்தை வைத்துத்தான் பிறக்கிறது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகாது. லினக்ஸில் ஒரே கட்டளையில் 'நீயும் உள்ளூர் மணியையே வைத்துக்கொள்' என்று சொல்லிவிடலாம். அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்ற பெயரில் ஒரு மதிப்பைச் சேர்த்து 1 என்று வைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள், பிழை தலைகீழாகத் திரும்பி வரும். என் ஓட்டு விண்டோஸைத் திருத்துவதற்குத்தான். நாற்பது வருடத்துக்கு முந்தைய டாஸ் பழக்கத்துக்காக இன்னொருவர் வளைந்துகொடுப்பானேன்?

இப்படி ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம் வைக்கிற டூயல் பூட் பற்றி யார் கேட்டாலும் நான் கடிகாரத்தில்தான் ஆரம்பிப்பேன். மற்ற சிக்கல்களும் இதே அச்சில் வார்த்தவை. பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் எட்டு குடும்பம் இருந்தாலும் யார் எப்போது குழாயடிக்கு வருவார்கள், யார் வீட்டில் விருந்தாளி என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே இருப்பது இரண்டே குடித்தனம், இருவரும் முழு வீட்டுக்கும் தானே சொந்தக்காரர் என்ற நினைப்பில் இருப்பவர்கள். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் பிணம்போலக் கிடக்கிறார். பேசிக்கொள்ள வழியே இல்லை. நடுவில் இருந்து சமாதானம் செய்யும் வேலை நம் தலையில்.

பிறகு எதற்கு இந்த வம்பு என்று என் அக்கா மகன் கேட்பான். சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவன். "மாமா, லினக்ஸ மெயினா வச்சுக்கிட்டு விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸ் போட்டா முடிஞ்சு போச்சு. இல்லனா விண்டோஸ்லயே டபிள்யூஎஸ்எல் இருக்கு. இன்னும் யாராச்சும் ரீஸ்டார்ட் பண்ணி மாத்திக்கிட்டு இருப்பாங்களா?" அவன் சொல்வதில் தப்பில்லை. 2016இல் மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓடவிட்டது. பிறகு வந்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே உள்ளே ஓடுகிறது. நிரல் எழுதுகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதுவே போதும். "உன்கிட்ட முப்பத்திரண்டு ஜிபி ரேம் இருக்குடா, என்கிட்ட எட்டு" என்று சொல்லித்தான் அவன் வாயை அடைக்கிறேன். எட்டில் நாலைப் பிரித்து மெய்நிகர் விண்டோஸுக்குக் கொடுத்தால் இரண்டும் மூச்சு வாங்கும். டூயல் பூட்டில் எழுந்தவருக்கு எட்டும் முழுசாகக் கிடைக்கும்.

என் வேலைக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. எழுதுவது, திருத்துவது, படிப்பது எல்லாம் லினக்ஸ் மிண்டில். அது என் பழைய லேப்டாப்பை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது. புத்தக வேலை என்று வந்தால் விண்டோஸ். அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் கோப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பக்கங்கள் அவை. அதே எழுத்துரு, அதே மென்பொருள் இல்லாமல் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் லத்தீன் குப்பை கிடக்கும். யூனிகோடிலேயே அடித்திருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. விண்டோஸில் லதாவிலோ நிர்மலாவிலோ வடிவமைத்த பக்கத்தை லினக்ஸில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாததால் லோஹித்தோ நோட்டோவோ வந்து உட்காரும். தமிழ் எழுத்துகளின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு நிறைய மாறும். அதனால் வரி உடைகிற இடம் மாறி, பக்க எண்ணிக்கையும் மாறிவிடும். உள்ளடக்கப் பட்டியல் போட்ட பிறகு இது நடந்தால் எப்படி இருக்கும் என்று பதிப்பகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அக்கா மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் முதன்முதலில் தொட்ட கணினியே டூயல் பூட்தான். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகாலக் கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பவர் பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். உலகத்தில் வேறு எங்கே இத்தனை பள்ளிப் பிள்ளைகள் கையில் ஒரே சமயத்தில் டூயல் பூட்டைக் கொடுத்தார்கள் என்று எனக்கு யோசனை ஓடும். ஆனால் பெட்டியில் இரண்டைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது வரி எதற்கு என்று யாரும் வகுப்பில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. அவன் கூட்டாளிகளில் பலர் முதல் மாதமே கடைக்குக் கொண்டுபோய் 'ஓஎஸ் போட்டு' அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டார்கள். இவன் சோம்பேறித்தனத்தில் விட்டுவைத்தான். அப்புறம் ஒரு விடுமுறையில் தற்செயலாக அதைத் திறந்தவன்தான் இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறான்.

அந்தப் பட்டியல் சாதாரண விஷயம் இல்லை. அதற்காக வழக்கே நடந்திருக்கிறது.

ஆப்பிளில் இருந்து வெளியே வந்த ழான்-லூயி காஸே 1990இல் பி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய பிஓஎஸ் அந்தக் காலத்துக்கு மிக வேகமான சிஸ்டம், ஒலி, ஒளி வேலைகளில் கெட்டி. விண்டோஸை ஒழித்துக்கட்டிவிட்டு எங்களைப் போடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பக்கத்தில் வையுங்கள், பயனர் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் கணினித் தயாரிப்பாளர்களிடம் கேட்டார்கள். இலவசமாகவே தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். ஹிட்டாச்சி சம்மதித்தது. ஃப்ளோரா பிரியஸ் என்ற கணினியில் விண்டோஸ் 98க்குப் பக்கத்தில் பிஓஎஸ்ஸும் ஏறியது. ஆனால் வாங்கியவர் கணினியைத் திறந்தால் நேரே விண்டோஸ்தான் வரும், தேர்வுப் பட்டியலே இருக்காது. இன்னொரு சிஸ்டம் வட்டில் ஒளிந்துகிடக்கிறது என்பதே தெரியாது. அதை வெளியே கொண்டுவர பி நிறுவனத்தின் தளத்தில் வழிமுறையைத் தேடிப் படித்துத் தனியாக வேலை செய்ய வேண்டும். கணினி எழும் வரிசையை மாற்றக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட்டின் உரிம ஒப்பந்தம் தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது பி நிறுவனத்தின் குற்றச்சாட்டு. 2001இல் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. எஞ்சிய பி 2002 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில் 2.325 கோடி டாலர் கொடுத்து, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது. பிஓஎஸ்ஸின் வாரிசாக ஹைக்கு என்ற திறமூலச் சிஸ்டம் இன்றும் வளர்ந்துவருகிறது. சும்மா பொழுதுபோகாதபோது பென்டிரைவில் போட்டுப் பாருங்கள், வேகத்தைப் பார்த்து அசந்துபோவீர்கள்.

அந்தக் காலத்துக் கணினியில் சிஸ்டம் எழும் வாசற்படி என்பது வட்டின் முதல் 512 பைட்டுகள். அதில் வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும் முத்திரைக்கும் போக நிரலுக்குக் கிடைத்தது 446 பைட். இந்த ஒரு பத்தியைக்கூட அதில் அடக்க முடியாது. அங்கே ஒரே ஒருவர்தான் உட்கார முடியும், கடைசியாக வந்தவர் முன்னால் இருந்தவரைத் தள்ளிவிட்டு உட்காருவார். விண்டோஸ் நிறுவி யாரையும் கேட்காமல் தன் நிரலை எழுதிவிட்டுப் போகும். 'முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்' என்ற மந்திரம் பிறந்தது அதனால்தான். பின்னால் வரும் லினக்ஸின் துவக்க நிரலான கிரப், பழைய ஆளையும் தேடிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

கணினியை எழுப்பும் புதிய முறையான யூஇஎஃப்ஐ வந்த பிறகு இந்த நெரிசல் தீர்ந்தது. வட்டில் ஃபேட்32 வடிவத்தில் ஒரு சிறிய பிரிவு தனியாக இருக்கும். விண்டோஸ் அதைப் பொதுவாக 100 எம்பி அளவில் உருவாக்குகிறது. ஒவ்வொரு சிஸ்டமும் அதில் தனக்கென்று ஒரு அடைவு போட்டுத் தன் கோப்பை வைத்துக்கொள்ளலாம், யாரையும் யாரும் தள்ள வேண்டாம். முதலில் யாரை அழைப்பது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவில் இருக்கும்.

ஆனாலும் உரசல் நிற்கவில்லை. 2012இல் விண்டோஸ் 8உடன் செக்யூர் பூட் பரவலாக வந்தது. நம்பகமான கையெழுத்து உள்ள நிரல் மட்டுமே எழலாம் என்பது விதி. லினக்ஸ் தரப்பில் ஷிம் என்ற சிறு நிரலை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்ட்டிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வருடக்கணக்கில் சுமுகமாகப் போனது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ஓட்டை உள்ள பழைய கிரப் பதிப்புகளைத் தடைப்பட்டியலில் போட்டது. நோக்கம் சரிதான். டூயல் பூட் கணினிகளை இது தொடாது என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. தொட்டுவிட்டது. உபுண்டு, மிண்ட், டெபியன் வைத்திருந்த பலர் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ஏதோ மிகப் பெரிய தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, அந்தத் தடைப்பட்டியலை லினக்ஸில் இருந்தே நீக்கிச் சமாளித்தார்கள். நிரந்தரத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. இரண்டாவது சிஸ்டம் இருக்கிறதா என்று விண்டோஸ் தேடிப் பார்க்கத்தான் செய்தது, ஆனால் இருக்கிற எல்லா வகை அமைப்பையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

இதற்கு நடுவில் ஆப்பிளைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 2006 ஏப்ரலில் பூட் கேம்ப் என்று ஒன்றைக் கொடுத்து, மேக்கில் விண்டோஸ் போட அவர்களே வழிகாட்டினார்கள். வட்டைப் பிரிப்பது, டிரைவர் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2020இல் எம்1 சில்லு வந்ததும் அந்தக் கடை மூடப்பட்டது.

தினசரித் தொல்லைகளில் முதலிடம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு. விண்டோஸ் 8இல் இருந்து 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவிட்டு அரைத் தூக்கத்தில் படுக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் எழுந்து சி டிரைவைத் திறக்கப் பார்த்தால், 'அந்த ஆள் பாதி வேலையில் போயிருக்கிறார், நான் எழுத மாட்டேன், வேண்டுமானால் படித்துக்கொள்' என்று சொல்லும். அது நல்லெண்ணம்தான். மீறி எழுதினால் கோப்புகள் நாசமாகும். வேடிக்கை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாகவே அணைந்து எழும். கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் வேகத்தில் வித்தியாசமே தெரியாது.

அடுத்தது புளூடூத். லினக்ஸில் இயர்போனை இணைத்துப் பாட்டுக் கேட்டுவிட்டு விண்டோஸுக்குப் போனால் இயர்போன் கைவிரிக்கும். அங்கே மறுபடி இணைத்தால் இங்கே அறுந்துவிடும். இணைக்கும்போது இரு தரப்பும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. இயர்போனைப் பொறுத்தவரை எதிரில் இருப்பது ஒரே முகவரி உள்ள ஒரே கணினி, அதனால் புதுச் சாவி வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. விண்டோஸும் லினக்ஸும் தத்தம் சாவியைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு முழிக்கின்றன. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸில் அதற்கான கோப்பில் ஒட்டினால் இரண்டும் ஒரே சாவியோடு ஓடும். பொறுமை இருப்பவர்கள் செய்யுங்கள். நான் ஒயர் உள்ள மவுஸும் ஒயர் உள்ள ஹெட்போனும் வாங்கி வைத்துவிட்டேன்.

இன்னொன்று, வீட்டில் மற்றவர்களும் அதே கணினியைத் தொட்டால் மட்டுமே புரிகிற சமாசாரம். கிரப் பட்டியல் சில வினாடி காத்திருந்துவிட்டு முதல் வரியில் இருக்கும் லினக்ஸுக்குத் தானாகப் போய்விடும். மகள் பட்டனை அழுத்திவிட்டு டீ போடப் போவாள், திரும்பி வந்து, "அப்பா, உங்க பச்சைக் கம்ப்யூட்டர் வந்துடுச்சு" என்று கத்துவாள். மிண்டின் சின்னம் பச்சை. அதைவிடப் பெரிய தொல்லை, ராத்திரி விண்டோஸ் பெரிய அப்டேட் போடும்போது வரும். அது நடுவில் இரண்டு மூன்று முறை தானே ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் கிரப் குறுக்கே வந்து லினக்ஸை எழுப்பிவிடும். பாதி அப்டேட்டோடு விண்டோஸ் காத்துக்கிடக்க, லினக்ஸ் ஒன்றும் அறியாமல் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். கிரப்பின் அமைப்புக் கோப்பில், கடைசியாகத் தேர்ந்தெடுத்ததையே அடுத்த முறையும் எழுப்பு என்று சொல்ல வழி இருக்கிறது. இரண்டு வரி வேலை. டூயல் பூட் போட்ட அன்றே செய்துவிட வேண்டியது.

செலவு செய்ய முடிந்தால் இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, விண்டோஸ் வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் லினக்ஸைத் தனியாக நிறுவிக்கொள்வது. அப்புறம் இரண்டையும் மாட்டி, கணினி எழும்போது எஃப்12 போன்ற பட்டனை அழுத்தி எந்த வட்டு என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி பட்டன் மாறும். ஒருவர் வாசல் இன்னொருவருக்குத் தெரியவே போவதில்லை. கடிகாரமும் புளூடூத்தும் அப்போதும் படுத்தும், அதற்கு மருந்து மேலேயே சொல்லியாகிவிட்டது.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபிறகு, என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததாலோ பழைய சில்லு என்பதாலோ விண்டோஸ் 11 ஏறாத நல்ல கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். துடைக்க வேண்டாம், முதலில் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள், இணையம் தொடர்பான வேலையை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, டேலியோ ஸ்கேனரோ எது விட்டுப்போகிறது என்று பாருங்கள் என்கிறேன். வட்டைப் பிரிக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும். சி டிரைவைச் சுருக்கிக் காலி இடம் விட்டால் லினக்ஸ் நிறுவி அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால் பிட்லாக்கரைப் பாருங்கள். பல புதிய கணினிகளில் நாம் கேட்காமலேயே அது வட்டைப் பூட்டி வைத்திருக்கும். கணினி எழும் விதத்தில் கைவைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரோ கடைக்காரர் போட்டதாக இருக்கும். சாவியைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஃபோட்டோக்களை வேறு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். லினக்ஸ் நிறுவி உள்ள பென்டிரைவை அதற்கு அப்புறம் செருகிக்கொள்ளலாம்.